கிணற்றுக்குள் ஒரு விசில்

பிளம் பழம் உதிர்க்கக் கழி இருக்கிறது. மரத்தடியில் சாக்கை விரித்துக் கிளையில் நாலு தட்டுத் தட்டினால் போதும், பழம் தானாக விழும். எங்கள் மணல்மேட்டில் இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். வெந்தெல் ஏணி போட்டு ஏறினார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு என்ன கேடு என்று யார் கேட்பது? ஏணியின் ஒரு கால் மணலில் புதைந்தது, மனிதர் பக்கவாட்டில் வந்து விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

“கழி என்னத்துக்குய்யா இருக்கு?” என்றாள் எதெல்கா.

“என்னது?”

“கழி! கழி என்னத்துக்கு இருக்கு?”

“கழியால அடிச்சா பழம் கன்னிப்போகும்.”

“இப்ப நீதான் கன்னிப்போய்க் கெடக்க. உன்னைய வேக வச்சு ஜாம் கிண்டிரவா?”

கொஞ்ச நாளாகவே அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எதெல்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் புருஷன் தன் பேச்சைக் காதில் வாங்காததெல்லாம் ஒரு செய்தியா?

கால் போனதுகூட வெந்தெலுக்குக் கவலையில்லை. வியாழக்கிழமை வருகிறதே என்பதுதான் கவலை. வியாழக்கிழமை கிணறு அளக்கிற நாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துலாக்கிணறு இருக்கிறது. வெந்தெலின் கொள்ளுத்தாத்தா வெட்டியது. துலா மரம் இன்னும் நிற்கிறது, ஆனால் தண்ணீர் இறைத்து முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. நீர்வளத் துறைக்காரர்கள் அதைக் கண்காணிப்புக் கிணறு என்று எழுதிக்கொண்டு, பலகையால் மூடி, வெந்தெலை அளப்பவராகப் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலை ஏழு மணிக்கு. அளக்கிற நாடாவின் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குழல் தொங்கும். அது போய்த் தண்ணீரைத் தொட்டதும் உள்ளே இருக்கிற காற்று மேல் துவாரத்தால் வெளியேறி விசில் அடிக்கும். விசில் கேட்ட இடத்தில் நாடாவை நிறுத்தி எண்ணைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த நாடாவை இந்த முப்பத்தொரு வருஷத்தில் வெந்தெல் யாரையும் தொட விட்டதில்லை. கல்யாண நாளானாலும் சாவு வீடானாலும் ஏழு மணிக்கு அளந்துவிட்டுத்தான் சட்டை மாற்றுவார்.

“நீ போய் அளந்துட்டு வா,” என்றார் வியாழக்கிழமை காலையில், குரல் இறங்கி. “மெதுவா விடு. நாலு மீட்டர் தாண்டினதும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கேளு. பட்டுனு விட்டா தண்ணிக்குள்ள முங்கிரும்.”

“நான் என்ன பால் கறக்கத் தெரியாதவளா? அளந்துட்டு வாரேன்.”

எதெல்கா பலகையை விலக்கினாள். நாய் மோர்ஷி கூடவே வந்து கிணற்று ஓரத்து நிழலில் படுத்துக்கொண்டது. ஒரு புல் பூண்டு கூட இல்லாத அந்த வெட்டவெளியில் ஏழு மணிக்கே வெயில் சுட்டது. நாடாவை விட்டாள். நாலு மீட்டர். மூச்சை அடக்கினாள். நாலு பத்து. நாலு இருபது. ஒன்றும் கேட்கவில்லை. தன்மேல்தான் தப்பு என்று மேலே இழுத்து மறுபடி விட்டாள். நாலரை. ஐந்து. ஐந்தரையையும் தாண்டியது. ஆறு எண்பத்தைந்தில் விசில் கேட்டது. சன்னமாக, ஆனால் தெளிவாக. மோர்ஷி தலையைத் தூக்கிக் காதை விடைத்தது.

மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஆறு எண்பத்தைந்து. மூன்று தடவையும் நாய் தலையைத் தூக்கியது.

கிணற்றடியிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை அவர் எழுதியது நாலு பத்து. மூன்று நாளில் மூன்று மீட்டர் தண்ணீர் எங்கேயாவது ஓடுமா? போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் அடுப்படியில் உட்கார்ந்து, “பனி கொட்டுது, இந்தச் சில்வண்டு பாரு, ஓயாமக் கத்துது,” என்று சொன்னதும், “பனியில ஏதுய்யா சில்வண்டு, உன் மண்டைக்குள்ளதான் கத்தும்,” என்று தான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் டிராக்டரில் உட்கார்ந்த காது. அந்தச் சில்வண்டுதான் அவருக்கு விசில் அடித்திருக்கிறது.

“நாலு பத்தா, நாலு பன்னிரண்டா?” என்று ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார் வெந்தெல்.

அவள் பலகையை இழுத்துக் கிணற்றை மூடினாள். பிறகு கத்தினாள். “நாலு பன்னிரண்டு!”

“ரெண்டு சென்டிமீட்டர் எறங்கிருக்கு. ஆகஸ்ட்டு மாசம், எறங்கத்தான் செய்யும்,” என்று சொல்லி, அவர் படுக்கையிலேயே நோட்டில் மையால் எழுதினார்.

அன்று மத்தியானமே கிங்கா வந்தாள். செகெத் பல்கலைக்கழகத்துப் பெண், முப்பது வயது இருக்கும், புழுதி மூடிய சின்னக் கார். ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சியில் எங்கள் மணல்மேடு அவள் பங்கு. எவ்வளவு மின்சாரம் செலவழித்தால் எவ்வளவு தண்ணீர் மேலேறும், அந்தத் தண்ணீரால் எவ்வளவு நிலம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டு பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பியத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிற வேலை. எதெல்கா குடைமிளகாயும் தக்காளியும் வெங்காயமும் வதக்கி லெச்சோ பண்ணியிருந்தாள். ரொட்டியை நறுக்கி வைத்தாள். அந்த நேரம் பார்த்து அடுத்த பண்ணை அம்ப்ரூஷ், சைக்கிள் கூடையில் ஒரு தர்பூசணியோடு வந்து சேர்ந்தான்.

“முன்ன பிரஸ்ஸல்ஸ்ல சட்டம் போட்டு, வெள்ளரிக்காய் எத்தனை பாகை வளையலாம்னு அளந்தீங்க. இப்ப எங்க கெணத்தையுமா அளக்கிறீங்க?” என்றான் கிங்காவிடம்.

“வெள்ளரிக்காய் வேற டிபார்ட்மென்ட் மாமா. நான் தண்ணி.”

“தண்ணியா? எங்கம்மா இருக்கு தண்ணி? என் ஆழ்குழாயில பம்பை ரெண்டு தடவை கீழ எறக்கியாச்சு. இந்த வெந்தெல் கெணத்துல மட்டும் சொகுசா நிக்குதாம். என்ன மந்திரம் போட்டான்னு தெரியல.”

வெந்தெலுக்கு இது காதில் விழுந்தது. அம்ப்ரூஷ் பேசினால் ஊருக்கே விழும். “உன்னோடது ஆழத்துத் தண்ணி, இது மேல்தண்ணி. ரெண்டும் வேறடா. நாள் முழுக்க மோட்டாரைப் போட்டு உறிஞ்சிட்டு எங்கிட்ட மந்திரம் கேக்குறான்.”

“நீ மட்டும் மிளகாய்க்கு வாயால ஊதியா தண்ணி பாய்ச்சுற?”

கிங்கா சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

“அத்தை, நல்ல சேதி கொண்டு வரலை. டான்யூப் ஆத்துப் பக்கத்துக் கால்வாய்ல குளிர்காலத்துல தண்ணி சும்மா ஓடிப் போகுது. அதை நாப்பது மீட்டர் மேல ஏத்தி இங்க ஏரியில விடலாம். சூரியத் தகட்டு மின்சாரத்தை வச்சு எவ்வளவு ஏத்த முடியும்னு பார்த்தா, ரெண்டு ஏரிக்குத்தான் கட்டுது. நாலு ஏரி கேக்குறாங்க. எங்க நிலத்தடித் தண்ணி ரொம்ப எறங்கியிருக்கோ அங்க விடுங்கன்னுதான் நாங்க எழுதணும். உங்க அயிரை ஏரி பட்டியல்ல நாலாவது.”

“நாலாவதுன்னா?”

“வராது அத்தை. நாளைக்கு, வெள்ளிக்கிழமை, ஏரி வரைபடம் பிரஸ்ஸல்ஸுக்குப் போகுது. அடுத்த ஆராய்ச்சி எப்பவோ, யாருக்குத் தெரியும். உங்க கிணறு ஒண்ணுதான் ரெண்டு வருஷமா அசையாம நாலு மீட்டர்ல நிக்குது. வேற யாரு கணக்கா இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். வெந்தெல் மாமா கணக்கு முப்பத்தொரு வருஷமா ஒரு தடவைகூடப் பிசகினது இல்ல. எங்க தலைவரே உதாரணம் காட்டுவாரு.”

வெந்தெல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பெயர் வந்தது அவர்கள் முகக்குறியில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. “என்ன சொல்லுது பொண்ணு?”

“உன் கணக்கு சுத்தமா இருக்காம்,” என்றாள் எதெல்கா உரக்க.

“சுத்தமா இல்லாம? எழுதினா இருக்கிறதை எழுதணும்,” என்றார் அவர்.

எதெல்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அயிரை ஏரி என்பது இப்போது பேர்தான். கோழிக்கொட்டகையைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த தரை. காற்றடித்தால் அந்த உப்பு அடுப்படி வரைக்கும் வந்து பாலில் விழும். அவள் கல்யாணமாகி வந்த வருஷம் அங்கே தண்ணீர் இடுப்பளவு நின்றது. ஜனவரியில் ஏரி உறைந்ததும் வெந்தெல் பனிமேல் சறுக்கிக்கொண்டே போய் நாணல் அறுப்பார், அவள் கட்டுக் கட்டி இழுப்பாள். மார்ச்சில் பனி உடையும் சத்தத்தில் தூக்கம் கலையும். அக்டோபரில் கொக்குக் கூட்டம் இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, கையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த ஏரி வேண்டும். மிளகாய்க்காகவும்தான், இன்னும் இரண்டு கோடை இப்படிப் போனால் பம்பு மணலைக் கக்கும், பண்ணையை விட்டுவிட்டு டவுனில் மூன்றாம் மாடியில் போய் முடங்க வேண்டியதுதான். ஆனால் மிளகாய் இல்லையென்றாலும் அவளுக்கு ஏரி வேண்டும். வேண்டும் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கிங்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தை, எழுதினால் இருக்கிறதை எழுதணும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாரே, அந்த மனிதரை அல்லவா கீழே தள்ளும்? கிங்காவின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற வரைக்கும் எதெல்கா கோழிகளுக்குத் தீனி போடுகிற மாதிரி நின்றிருந்தாள். மடியில் தீனி தீர்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அளக்கிற நாள் இல்லை. ஆறரை மணிக்கே அவரை எழுப்பி, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோலைச் செருகினாள்.

“எங்கடி கூட்டிட்டுப் போற?”

“கெணத்துக்கு. நேத்து நான் சரியா அளந்தேனான்னு சந்தேகமா இருக்கு. நீ அளந்து காட்டு.”

கிணற்றடித் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் அவரை உட்கார வைத்தாள். மோர்ஷி தன் நிழலில் போய்ப் படுத்தது. வெந்தெல் நாடாவை வாங்கினார். வாங்கின விதத்திலேயே முகம் தெளிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விட்டார். இரண்டு, மூன்று, மூன்றரை. நாலு பதினொன்றில் விரல் நின்றது. உதடு மெல்ல விரிந்தது.

“கேட்டியா?” என்றார்.

எதெல்காவுக்குக் கேட்டது தூரத்துச் சாலையில் ஒரு லாரி. நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் விடு.”

“என்னது?”

“இன்னும் விடுய்யா!”

“விசில் அடிச்சிருச்சுங்கிறேன். தண்ணிக்குள்ள விட்டு நாடாவை ஊறப் போடவா?”

“எனக்காக விடு.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். ஐந்து. தண்ணீருக்குள் போன குழல் இப்படியா கனமாகத் தொங்கும்? அவர் கை தயங்கியதை அவள் பார்த்தாள். ஆறு. ஆறரை. அவர் கண் இப்போது கிணற்றில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது. ஆறு எண்பத்தாறில் மோர்ஷி வெடுக்கென்று தலையைத் தூக்கிக் காதை விடைத்தது.

வெந்தெல் நாயைப் பார்த்தார். நாடாவை ஒரு சாண் தூக்கி மறுபடி இறக்கினார். நாயின் காது மறுபடி விடைத்தது. இன்னொரு தடவை. அது எழுந்தே நின்று வாலை ஆட்டியது.

குழலை மேலே இழுத்தார். பித்தளையிலிருந்து தண்ணீர் சொட்டி அவருடைய மாவுக்கட்டில் விழுந்தது.

“எத்தனை நாளா?” என்றார்.

“அதை நீதான் சொல்லணும்.”

“நீ என்னையச் செவிடுங்கிற.”

“நான் ஒண்ணும் சொல்லல. நாய்தான் சொல்லுச்சு.”

“எனக்குக் கேட்டுச்சு எதெல்கா. சத்தியமாக் கேட்டுச்சு. எழுதினதெல்லாம் கேட்டதைத்தான்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதோடு வாயை வைத்தாள். “தெரியும்யா. நீ பொய் எழுத மாட்ட. ஆனா ஒண்ணு கேக்குறேன். மேல இழுத்தப்ப கொழல் காஞ்சு வந்திருக்குமே. பார்க்கலியா?”

“பார்த்தேன்.”

“பார்த்து?”

“வெயில்ல மேல வர்றதுக்குள்ள காஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

“குளிர்காலத்துல?”

வெந்தெல் அந்தக் குழலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். “குளிர்காலத்துல பார்க்கல,” என்றார். “மேல வந்ததும் பார்க்காமப் பையில போட்டுக்கிட்டேன்.”

எதெல்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தனக்கு மட்டும்தான் அந்த ஏரி வேண்டியிருக்கிறது என்று நினைத்திருந்தாளே. இந்த மனிதர் மூன்று நாளைக்கு ஒரு தடவை போய் அதைக் காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார், கோபமில்லாமல்.

“அந்தப் பொண்ணு எப்ப வரைபடம் அனுப்புது?” என்று கேட்டார் கொஞ்சம் கழித்து.

“இன்னைக்கு.”

“போனைக் கொண்டா.”

அவருக்குப் போனில் ஒன்றும் விளங்காது. அதனால் அவர் பேசுவது, அவள் கேட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள்.

“கிங்கா, நான் வெந்தெல். என் கணக்குல பிசகு இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்கு வாத்து அடிச்சுச் சாப்பிட்டோம் பாரு, அதுலருந்து காதுக்குள்ள சத்தம். அந்த நாள்லருந்து எழுதினதை எல்லாம் அடிச்சிரு. கெணத்துல தண்ணி ஆறு எண்பத்தாறு. நம்பலன்னா நீயே வந்து அள. அதுக்கு முந்தின இருபத்தொம்பது வருஷம் சுத்தம். அதுல கை வைக்காத.”

கிங்கா பேசியதை எதெல்கா கேட்டாள். கேட்டு முடித்தும் போனைக் கீழே வைக்கவில்லை.

“என்னடி சொல்லுது?”

“வந்து அளக்கிறேங்குது. வரைபடத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுதாம்.”

“இருபத்தொம்பது வருஷம்?”

“தலைவர்கிட்டக் கேக்கணுமாம்,” என்றாள் எதெல்கா.

கிங்கா வந்து தானே அளந்தாள், அவளுக்கும் ஆறு எண்பத்தாறுதான். தலைவர் நல்லவர்தான் என்று பின்னால் சொன்னாள். ஆனால் ஆராய்ச்சிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எந்த நாளில் காது போனது என்று யாராலும் சாட்சி சொல்ல முடியாது. சந்தேகம் விழுந்த கணக்கைச் சேர்க்க முடியாது. கிங்கா இரண்டு மாதம் சண்டை போட்டுப் பார்த்தாள். அக்டோபரில் அச்சான அறிக்கையைத் தானே கொண்டு வந்து கொடுத்தாள். நூற்றெண்பது பக்கம். அதில் கடைசியில், பொடி எழுத்தில், இந்தக் கிணற்றின் முந்தைய அளவுகள் முழுவதும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி. அதற்கு நாலு பக்கம் முன்னால், நீர் விட வேண்டிய ஏரிகள் இரண்டு: அதில் முதலாவது அயிரை ஏரி.

வெந்தெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பொடி எழுத்தைப் படித்தார். பிறகு ஏரியின் பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“முப்பத்தொரு வருஷத்துக்கு ஒரு வரி,” என்றார்.

“மாமா, நான் என்ன செய்ய...” என்றாள் கிங்கா.

“நீ என்னம்மா செய்வ. ஏரியைக் கேட்டோம், ஏரி வந்திருச்சு. எதெல்கா, பிள்ளைக்கு ஜாம் ரெண்டு போத்தல் எடுத்துக் குடு. என் கால் எலும்பைப் போட்டுக் காய்ச்சின ஜாம், ருசியா இருக்கும்.”

கிங்கா சிரித்துக்கொண்டே அழுதாள். போகும்போது கிணற்றுக்குள் ஒரு தானியங்கிக் கருவியைத் தொங்கவிட்டுவிட்டுப் போனாள். மணிக்கு ஒரு தடவை அதுவே அளந்து அதுவே செகெத்துக்குச் சொல்லிவிடும். அளப்பவர் இனித் தேவையில்லை. நாடாவையும் பித்தளைக் குழலையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

அடுத்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு வெந்தெல் கோட்டை மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போனார். எதெல்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் பலகையை விலக்கிவிட்டு, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நின்றார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் கையை முழங்கைக்கு மேலே பிடித்தாள்.

“விடு,” என்றாள். “விசில் வந்ததும் அமுக்குறேன்.”

அன்றிலிருந்து அப்படித்தான். அவர் விடுவார், அவள் கேட்பாள். நாடா நாலு பத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் அவள் விரல் துடிக்கும். இந்த இடத்தில் ஒரு அமுக்கு அமுக்கினால் மனிதர் முகம் எப்படி மலரும்! கடைசி வரைக்கும் அமுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். நவம்பரில் ஆறு தொண்ணூற்றொன்று. அவர் ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதியும் அளவும் எழுதி, பக்கத்தில் ‘கேட்டது எதெல்கா’ என்று எழுதினார். இதைக் கேட்பதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

டிசம்பரில் கால்வாயிலிருந்து தண்ணீர் ஏறி வந்தது. பெரிய ஆரவாரமெல்லாம் இல்லை. உப்புத் தரையின் தெற்கு மூலையில் ஒரு குழாய், அதிலிருந்து வெயில் இருக்கிற நேரம் மட்டும் தொடை கனத்தில் தண்ணீர் விழும். மேகம் மூடினால் நின்றுவிடும். அம்ப்ரூஷ் வந்து பார்த்து, “இதுக்கா இவ்வளவு படிச்சாங்க, என் குதிரை இதைவிட அதிகமாப் பெய்யும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனால் மறுநாளும் வந்து பார்த்தான், அதற்கு மறுநாளும். கிறிஸ்துமஸுக்குள் ஒரு வயல் அகலத்துக்குத் தண்ணீர் பரவி, அதன்மேல் மெல்லிசாகப் பனி உறைந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். கிணறு ஆறு எண்பத்தைந்துக்கு வந்து, அங்கேயே பிடிவாதமாக நின்றது. அயிரை மீனும் வரவில்லை, கொக்கும் வரவில்லை. எதெல்கா தினமும் கோழிக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. காலையில் தரை ஈரமாக இருந்தது. வெந்தெல் நாடாவை விட்டார். நாலு பத்து கடந்தது. ஐந்து கடந்தது. ஆறு. ஆறு எழுபது. ஆறு எழுபத்தொன்பதில் எதெல்காவின் விரல்கள் அவர் கையை இறுக்கின.

வெந்தெல் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று நாளில் ஆறு சென்டிமீட்டர் மேலே.

“ஏ எதெல்கா,” என்றார் மெதுவாக. “எம்மேல இருக்கிற பாசத்துல முன்கூட்டியே அமுக்கிட்டியா?”

“போய்யா அங்கிட்டு. நான் என்ன உன்னைய மாதிரியா?”

“சத்தியமா?”

அவள் பதில் சொல்லாமல் குழலை இழுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. அவர் அதைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடி விட்டார்கள். ஆறு எழுபத்தொன்பது. இன்னொரு தடவை. மோர்ஷி சலித்துப்போய்த் தலையைத் தூக்கியது.

வெந்தெல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். பேனாவை எடுத்து, தேதியையும் அளவையும் மையால் எழுதி, ‘கேட்டது எதெல்கா’ என்றும் எழுதினார்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று காதோடு கேட்டாள் அவள்.

“நாலு பத்துக்கா? ரெண்டு மீட்டர் அறுபத்தொம்பது,” என்றார். “அன்னைக்கும் நீதான் கேட்டுச் சொல்லணும்.”